இரண்டாம் லெவலின் மூன்றாம் ஆள்

சாம்பியன் ரீப்ஸில் ஏனோக்கிடம் எவர் எப்போது உடம்பை விசாரித்தாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: ஆல்ரைட். காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் ஆல்ரைட். கையில் ஆறு தையல் போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் ஆல்ரைட். வலது நுரையீரலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருக்கிறது, எலும்புக்கும் பரவிவிட்டது என்று பெங்களூர் டாக்டர் சொன்ன அன்று வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் அதையேதான் சொன்னார். அவர் மனைவி மரியகுழந்தைக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். முப்பத்தாறு வருடமாக ஒரே ஒரு சொல்லோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்தது ஊரிலிருந்த தங்கச் சுரங்கம். பத்தொன்பது வயதில் டிரில் பிடிக்க இறங்கியவர். பாறையில் துளை போடுகிறவன் உள்ளே இழுப்பது பாதி காற்று, பாதி தூசி. கம்பெனி ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒரு தரம் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஆளை மேலே தூக்கிவிடுவார்கள். அப்புறம் தரைக்கு மேலே சர்ஃபேஸ் வேலைதான். சம்பளமும் இறங்கும், டீக்கடையில் மரியாதையும் இறங்கும். அதனால் எக்ஸ்ரே வாரம் வந்துவிட்டால் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க விரதம் பிடித்த மாதிரி இருக்கும். பீடியை நிறுத்துவார்கள், வெல்லமும் வாழைப்பழமும் தின்பார்கள், ஆவி பிடிப்பார்கள், வரிசையில் நிற்கும்போது இருமல் வந்தால் கிராம்பைக் கடித்து அடக்குவார்கள். டாக்டர் நிமிர்ந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில், "ஆல்ரைட் சார்." படம் சொல்வதைச் சொல்லட்டும், வாய் சொல்லக்கூடாது. யாரும் எழுதிவைக்காத சட்டம் அது.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியபோது ஏனோக்குக்கு நாற்பது வயது. பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் காவலுக்குச் சேர்ந்தார். விடியற்காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவது, இப்படியே பதினெட்டு வருடம். பாதி ஆயுள் ரயிலில் போயிற்று என்று மற்றவர்கள் மாதிரி அவர் சலித்துக்கொண்டதில்லை. அந்தப் பெட்டியில்தான் சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர் ஆனார், கன்னடப் பேப்பர் படிக்கக் கற்றார், மகள் வின்னிக்கு மாப்பிள்ளையும் அங்கேயே பார்த்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு கோயிலுக்கும் மரியகுழந்தை வேறொரு கோயிலுக்கும் போவார்கள். மதியம் மாட்டுக்கறிக் குழம்பில் இரண்டு சபையும் ஒன்றாகிவிடும். சோற்றில் ருசி, பேச்சில் சிரிப்பு, படுத்தால் தூக்கம். இதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை.

நோய் வந்தபின் அந்த மூன்றும் ஒவ்வொன்றாகப் போயின. கீமோ ஆறு தடவை ஏற்றியும் கட்டி அசையவில்லை. படுத்தால் இருமல், அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். அப்போதுதான் பெங்களூரிலிருந்த வின்னி வேறொரு ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்தாள். முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்குப் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அப்பாவைச் சேர்க்கலாமா என்று கேட்கப் போவோம் என்றாள்.

அங்கே தேவிகா என்கிற டாக்டர் ஒரு மணி நேரம் உட்காரவைத்து விளக்கினார். இது நோய் வராமல் தடுக்கிற தடுப்பூசி இல்லை, வந்துவிட்ட புற்றுநோய் செல் எப்படி இருக்கும் என்று உடம்பின் காவல் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கிற ஊசி. கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப் ஒன்று ஏற்றுவார்கள். காவல் செல்களைப் புற்றுநோய் கட்டிப்போட்டிருக்கிற கட்டை அது அவிழ்த்துவிடும். ஏனோக் சுரங்க வாசலில் தங்கத் திருடர்களைப் பிடிக்க நின்ற வாட்ச் அண்ட் வார்டு ஆட்களை நினைத்துக்கொண்டார். ஊசி அவர்களுக்குத் திருடனின் போட்டோவைக் காட்டுகிறது, டிரிப் அவர்கள் கையில் தடியைக் கொடுக்கிறது, அப்படித்தானே என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, ஆமாம், ஆனால் தடி கைக்கு வந்த வேகத்தில் அவர்கள் வீட்டுக்காரனையும் அடிப்பதுண்டு என்றார். தோல், குடல், நல்ல நுரையீரல், எதில் வேண்டுமானாலும் அடி விழலாம்; சின்னத் தொல்லை என்றாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். "ஆல்ரைட் டாக்டர்" என்றார் ஏனோக்.

இரண்டு மருந்தையும் சேர்த்து மனிதர்களுக்குக் கொடுப்பது அதுவே முதல் முறை. அதனால் ஊசியின் அளவைப் படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். முதல் லெவலில் மூன்று பேருக்குக் குறைந்த அளவு. ஆறு வாரம் அவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லையென்றால் இரண்டாம் லெவலில் வேறு மூன்று பேருக்கு அதைவிடக் கூட. அந்த மூவரும் தாங்கினால் மூன்றாம் லெவல். ஏனோக் இரண்டாம் லெவலின் மூன்றாம் ஆள். லெவல் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. சுரங்கத்தில் தொண்ணூறாவது லெவல் வரைக்கும் கேஜ் லிஃப்டில் இறங்கி ஏறியவனுக்கு இரண்டாம் லெவல் எம்மாத்திரம் என்று வழியெல்லாம் வின்னியிடம் பெருமை அடித்துக்கொண்டு வந்தார்.

இந்தச் சோதனையைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் மமதா சிக்பள்ளாப்பூர்ப் பெண். தமிழ் பேசினாலும் கன்னடம் எட்டிப்பார்க்கும். அவள் ஏனோக்கிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். தினமும் காய்ச்சல் உண்டா, மூச்சு எப்படி, தோலில் அரிப்பு உண்டா, வயிறு எப்படி என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஏனோக்கின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அதே அழகான கையெழுத்தில் ஆல்ரைட் என்று நிரப்ப ஆரம்பித்தார்.

முதல் ஊசிக்கு லேசாகக் காய்ச்சல் வந்து போயிற்று. இரண்டாவது ஊசி முடிந்த வாரத்தில் ஒரு நாள் மரியகுழந்தை காலையில் கண்விழித்துப் பார்த்தால், மனிதர் பாயில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஏழு மாதத்துக்கு அப்புறம் கேட்ட குறட்டை. அவள் அடுப்பு மூட்டாமல் அதைக் கேட்டுக்கொண்டே சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

நாலாவது வாரத்தில் வயிறு கெட்டது. லைன் வீட்டில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், வயிற்றுப்போக்கை மட்டும் மறைக்க முடியாது. கக்கூஸ் லைனின் கடைசியில் இருக்கிறது. பத்து வீட்டு வாசலைத் தாண்டி வாளியோடு நடக்க வேண்டும். முதல் நாள் மூன்று தடவை நடந்தார், நாலாம் நாள் ஆறு. எதிர்வீட்டு அம்மாள் கேட்டதற்கு, கடைசியில் நிற்கிற முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்றார். முருங்கைக்கு ஒரு நாளைக்கு ஆறு வாளியா என்று அந்த அம்மாள் மரியகுழந்தையிடம் வந்து விசாரித்தாள். மரியகுழந்தை ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இன்னாங்க, எத்தினி நாளா முருங்கைக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறீங்க?"

ஏனோக் வாளியைக் கீழே வைத்தார். நாலு நாள்தான், தானாக நின்றுவிடும் என்றார். அவள் நோட்டை எடுத்துப் பார்த்தாள். வயிறு என்ற கட்டத்தில் நாலு நாளும் ஆல்ரைட். போனை எடுத்து மமதாவின் நம்பரைத் தேடியவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னா பேரை அடிச்சிடுவாங்க மரியா. அந்த ஊசிதான் என்னைப் படுக்க வச்சித் தூங்க வக்கிது. அதுவும் போச்சின்னா அப்பால இன்னா கீது எனக்கு?"

ஆல்ரைட் என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று மரியகுழந்தைக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அப்பா பக்கத்திலிருந்த மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் இருபது வருடம் அதைச் சொன்னவர். மேலே தூக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் கீழேயே இருந்து, நாற்பத்தொன்பது வயதில், படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே செத்தார். அத்தனையும் தெரிந்தும் அவள் போனை வைத்துவிட்டாள். அந்தக் குறட்டையை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை. மாதுளம்பழத் தோலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள், தயிர்சோறு பிசைந்து கொடுத்தாள். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து டாக்டரை ஏமாற்றினார்கள். நோட்டில் ஆல்ரைட் தொடர்ந்தது.

ஆறாவது வாரம் முடிந்து மூன்றாவது ஊசிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. ஏனோக் முந்தின நாள் மதியத்திலிருந்தே சாப்பிடவில்லை. ரயிலில் கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்தார். சீட்டாட்டக் கூட்டாளிகள் கூப்பிட்டதற்கு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று கையசைத்துவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. எட்டு கிலோ இறங்கியிருந்தார். ஆஸ்பத்திரித் தராசில் ஏறும்போது மரியகுழந்தையின் செல்போனையும் சாவிக்கொத்தையும் தண்ணீர் பாட்டிலையும் வேட்டிக்குள்ளே டிரவுசர் பையில் வைத்திருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதுவும் எக்ஸ்ரே வரிசையில் கற்ற சாமர்த்தியந்தான்.

காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். மதியம் டாக்டர் தேவிகா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கட்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தது. மரியகுழந்தை மேசைக்கடியில் புருஷனின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊசி போட்டு டிரிப் ஏற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் வேறு ஒருவரைப் பார்க்கப் போனார். ஏனோக்குக்கு அந்த அறையே வெளிச்சமாகிவிட்ட மாதிரி இருந்தது. வயிறு இன்னும் நாலு நாளில் சரியாகிவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

மமதா வந்து நோட்டை வாங்கிப் புரட்டினாள். பக்கம் பக்கமாக ஆல்ரைட். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனோக் அவரே, ரெண்டு வாரமா ஒங்க நோட்டுக்குத்தான் எல்லாரும் வெயிட்டிங். மத்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல, ஒங்களுக்கும் ஒண்ணும் ஆகல. நாளைக்கு மீட்டிங். அடுத்த மூணு பேருக்கு டோஸ் டபுள்."

அந்த மூன்று பேர் யார் என்று கேட்டார். பேர் சொல்லக்கூடாது, ஆனால் தயாராக இருக்கிறார்கள், திங்கட்கிழமை ஊசி என்றாள் மமதா. நோட்டைப் பைலில் செருகப் போனாள்.

ஏனோக் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் கீழே, வெடி வைத்துப் பாறையைப் பிளந்தபின் யாரும் கூட்டமாக உள்ளே போய்விட மாட்டார்கள். முதலில் ஒருவன் போவான். கடப்பாரையால் தலைக்கு மேலிருக்கிற பாறையைத் தட்டுவான். கணீரென்றால் பாறை கெட்டி. டொக்கென்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எப்போது வேண்டுமானாலும் விழும். அவன் சொல்லை நம்பித்தான் பின்னால் நிற்கிறவர்கள் காலெடுத்து வைப்பார்கள். டாக்டரிடம் ஆயுள் முழுக்கப் பொய் சொன்ன ஏனோக், அந்த இடத்தில் ஒரே ஒரு நாள்கூடப் பொய் சொன்னதில்லை. சொன்னவன் எவனும் அந்த ஊரில் இல்லை. எக்ஸ்ரேயில் பொய் சொன்னால் போவது தன் உயிர். இதில் பொய் சொன்னால் போவது பின்னால் வருகிறவன் உயிர். இந்த நோட்டை எக்ஸ்ரே வரிசை என்று நினைத்தல்லவா ஆறு வாரம் நிரப்பியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

"அந்த நோட்டைக் குடும்மா" என்றார். "அதுல கீறது பொய்யி."

மரியகுழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மமதா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எத்தனை தடவை என்று கேட்டாள். எட்டு, சில நாள் ஒன்பது என்றார். எத்தனை நாளாக என்றாள். பதினாறு நாளாக என்றார். பையிலிருந்து பாட்டிலையும் சாவிக்கொத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் குரலைத் தாழ்த்தி, ரத்தம் உண்டா என்று கேட்டாள்.

"நேத்திலிருந்து."

ரத்தம் மரியகுழந்தைக்கும் தெரியாது. சட்டையைப் பிடித்திருந்த கை விழுந்துவிட்டது.

டாக்டர் தேவிகா கோபத்தை அடக்கத் தெரிந்தவர் இல்லை. இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டு, மேலே இன்னொரு ஊசியும் போட்டிருந்தால் குடல் ஓட்டையாகி உங்களைப் புதைக்கத்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றே படுக்கையில் சேர்த்து ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பொங்கியெழுந்த காவல் செல்களை அது அடக்கும். ஐந்தாம் நாள் வயிறு கட்டுக்குள் வந்தது. ஆறாம் நாள் டாக்டர் கட்டிலருகே வந்து நின்று, ஏனோக் எதற்குப் பயந்து அத்தனை ஆல்ரைட் எழுதினாரோ அதைச் சொன்னார். இனி அவருக்கு ஊசியும் கிடையாது, டிரிப்பும் கிடையாது. குடல் இன்னொரு தடவை தாங்காது.

ஏனோக் அந்த மூன்று பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அளவை ஏற்றவில்லை, உங்களுக்குக் கொடுத்த அதே அளவைத்தான் அவர்களுக்கும் கொடுக்கிறோம், குடலையும் கூடுதலாகக் கவனிக்கிறோம் என்றார் டாக்டர். "சரிங்கம்மா" என்றார் ஏனோக்.

டாக்டர் போனபின் மரியகுழந்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. நான் அன்றைக்கே போன் போட்டிருக்க வேண்டும், குறட்டைக்கு ஆசைப்பட்டுக் கெடுத்தேன் என்றாள். பேரை அடித்துவிட்டார்களே என்று அவர் முனகினார்.

"அடிச்சா அடிக்கட்டும்" என்றாள். "எங்கப்பா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒங்கள மாதிரி வாயத் தொறந்திருந்தா எங்கம்மா முப்பது வருசம் தனியா கெடந்திருக்க மாட்டா. நீங்க சொன்னது சரிங்க."

வீட்டுக்கு வந்தபின் அவர்கள் இருவரும் கட்டி மறுபடி வளரப்போகிற நாளுக்காகக் காத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது அது வளர்ந்திருக்கவில்லை. இன்னும் ஒரு சுற்றுச் சுருங்கியிருந்தது. டாக்டர் படத்தை இரண்டு தரம் பார்த்தார். மருந்தை நாங்கள் நிறுத்திவிட்டோம், கற்றுக்கொண்டதை உங்கள் உடம்பு நிறுத்தவில்லை, சிலருக்கு இப்படி நடக்கும், எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். ஏனோக் கேட்கவில்லை. சோற்றில் ருசி திரும்பியிருந்தது, தூக்கம் திரும்பியிருந்தது. அவருக்கு அது போதும்.

அன்று வெளியே ஹாலில் மரியகுழந்தை மாத்திரை வாங்கப் போயிருந்தபோது பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். ரூபேஷ் என்று பேர் சொன்னார், சிவாஜிநகரில் பைக் மெக்கானிக். மடியில் அதே கட்டம் போட்ட நோட்டு. தானும் அந்த ஊசிக்காரன்தான், இன்றைக்கு ஐந்தாவது என்றார். பேச்சு வளர்ந்ததும் குறையைக் கொட்டினார்.

"எங்களுக்கு டபுள் டோஸ் குடுக்கறதா இருந்துச்சாம். எவனோ ஒருத்தனுக்கு வயித்தால போச்சின்னு நிறுத்திட்டாங்க. அத ஃபார்ம்ல எழுதி எங்ககிட்ட கையெழுத்தும் வாங்கினாங்க. அவன் வாயை மூடிக்கினு இருந்திருந்தா எனக்கு இந்நேரம் பாதி சரியாயிருக்கும்."

ஏனோக்குக்குச் சுருக்கென்றது. பேசாமல் எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

"அந்த எவனோ நான்தாங்க" என்றார்.

ரூபேஷ் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டார். ஏனோக் வாளியைச் சொன்னார், முருங்கையைச் சொன்னார், ரத்தத்தைச் சொன்னார். மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது ரூபேஷ் சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மூணு நாளா மாடி ஏறினா மூச்சு வாங்குது. எழுதல" என்றார்.

ஏனோக் எழுந்து நின்று கையை நீட்டினார்.

"சொன்னா இன்னைக்கு ஊசி போட மாட்டாங்களே" என்றார் ரூபேஷ்.

"மாட்டாங்க. நீங்க உசுரோட இருப்பீங்க. வாங்க போலாம்."

ரூபேஷ் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தானே எழுந்து, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏனோக்குக்கு முன்னால் நடந்தார். மமதாவின் மேசையருகே போய், அவள் என்ன விஷயம் என்று நிமிர்வதற்குள், "மூச்சு வாங்குது மேடம், மூணு நாளா" என்றார்.